திருப்பிப் போட்ட கவரும் எங்க மலைப் புளியும்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது ஏழு. என் தங்கச்சி போன பிறகு அவள் பிள்ளைகள் மூணும் என் வூட்டுச் சோத்தில்தான் வளர்ந்தது. ஏழும் இன்னைக்கு நல்லா இருக்குது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுதுகிறவள் யார் என்று தெரிஞ்சால்தான் படிக்கிறவங்க ஒழுங்காகக் குந்திப் படிப்பாங்க.

பேர் பச்சையம்மா. மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் எங்க ஊர். எங்க மகளிர் குழு புளி யூனிட்டுக்கு நான்தான் தலைவி, பேக்கிங்கும் என் பொறுப்புதான். இந்தக் குறிப்பை எழுதச் சொன்னது தேவகி. சந்தவாசல் பொண்ணு, சாப்பாட்டுப் பொருள் பற்றி காலேஜில் படிச்சுட்டு எங்க யூனிட்டுக்குத் தரம் பார்க்க வந்தவள். "புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க படிக்கணும்மா, நீங்க எழுதுங்க" என்றாள். "நீயே எழுதேன்டி, நீதான படிச்சவ" என்றேன். "நான் எழுதினா பாடம் மாதிரி இருக்கும்மா, தூங்கிடுவாங்க" என்றாள்.

அதுவும் சரிதான். நான் எழுதினால் யாரும் தூங்க மாட்டாங்க.

நானோ வந்த நாள்

எங்க வேலை என்னவென்றால், புளியம்பழத்தைக் காய வைத்து, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, நார் இழுத்து, உப்புத் தூவி அழுத்தி, கவரில் போட்டு, சீல் வைத்து, கீழே அனுப்புவது. கவருக்குச் சீல் வைக்கிற மெஷின் காலால் மிதிக்கிற மெஷின். இந்த மலையில் அதை முதலில் மிதிச்ச கால் என்னுது. வேற யாராவது நான்தான் என்று சொன்னால் நம்பாதீங்க.

முன்ன நாங்க சாதா பிளாஸ்டிக் கவர்தான் போட்டோம். அதில் ஒரு தொல்லை. மழை மாசத்தில் மேகம் நேராக குடோனுக்குள் வந்துவிடும், கதவைத் தட்டாமல் வருகிற விருந்தாளி மாதிரி. கவருக்கு வெளியே கொஞ்சம் புளி ஈஷியிருந்தால் போதும், அந்த இடத்தில் வெள்ளையாக பூசணம் பூத்துவிடும். உள்ளே புளி தங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கடையில் வாங்குகிறவங்க வெளியேதானே பார்ப்பாங்க.

அதற்காகத்தான் தேவகி திருப்பத்தூரில் இருந்து கவர் ஏஜெண்ட் ஒருத்தரை வரச் சொன்னாள். சின்ன வயசுப் பையன், டக்-இன் பண்ணின சட்டை, கையில் பளபளவென்று ஒரு கவர். எல்லாரும் கொட்டை எடுக்கிறதை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றோம்.

"அம்மா, இது நானோ சில்வர் கோட்டிங் கவர்" என்றார்.

"நானோன்னா இன்னா தம்பி?" என்று கேட்டேன்.

"ரொம்ப ரொம்பச் சின்னதும்மா. கண்ணுக்கே தெரியாது. ஒரு தலமுடிய குறுக்க வெச்சா, அந்த அகலத்துக்குள்ளயே ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும்."

எங்க ராணி அங்கே இருந்தாள். மெஷினில் எனக்கு அடுத்த ஆள், வாயில் எனக்கு முந்தின ஆள். "எந்தத் தலமுடி சார்? என்னுதா, எங்க அத்தையுதா? அத்தையுது தேர் வடம் மாதிரி இருக்கும், அதுல ஊரே நிக்கும்" என்றாள். என்னைத்தான் சொல்கிறாள்.

"சில்வர்னு சொன்னியே, எவர்சில்வரா?" என்று ஒருத்தி.

"இல்லம்மா, நெஜ வெள்ளி. வெள்ளித் தூளு. வெளிய பூசியிருக்கு. பூசணத்த வளர விடாது."

வெள்ளி என்றதும் ஒரே கூச்சல். கவரை வாங்கி ஒருத்தி தடவுகிறாள், ஒருத்தி வெயிலில் பிடிச்சுப் பார்க்கிறாள். "யப்பா, இத உருக்கினா ஒரு ஜோடி கொலுசு வருமா?" என்று ராணி கேட்டாள். "மலையளவு கவர உருக்கினா ஒரு மூக்குத்திக் கல்லு சைஸ் வரலாம்" என்று அவர் சிரித்தார். அப்புறம் அவர் பாட்டுக்கு அவுட்டர் லேயர், மிடில் லேயர், இன்னர் லேயர் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். வெளியே வெள்ளி, நடுவில் காத்தும் ஈரமும் போகாதபடி நானோ களிமண், உள்ளே சாதா பிளாஸ்டிக், புளி அதில்தான் படும். களிமண் என்றதும் மறுபடியும் ஒரு சிரிப்பு. வெள்ளியும் களிமண்ணும் ஒண்ணாக ஒட்டி வந்த கவரை நாங்க எங்கே கண்டோம்? அவர் முடிச்சதும் எல்லாரும் கை தட்டினோம். கை தட்டினோமே தவிர, காதில் விழுந்தது வெள்ளி ஒண்ணுதான்.

தேவகி மட்டும் கை தட்டவில்லை. "புளிப்புப் பொருளுக்கு டெஸ்ட் பண்ணின சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டு வாங்கி, கடைசி வரிவரைக்கும் படிச்ச பிறகுதான் சரி என்றாள்.

மெஷினுக்குக் குளிர்

கவர் கட்டுக் கட்டாக ஜீப்பில் வந்து இறங்கிய வாரம் தேவகி ஊரில் இல்லை. சந்தவாசலில் அவள் தங்கச்சிக்குக் கல்யாணம். "நீங்க இருக்கீங்களேம்மா, எனக்கு இன்னா கவல?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அப்போதே ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது.

எங்களுக்கு அப்போது சென்னையில் ஒரு பெரிய கடைக்காரங்களிடமிருந்து முதல் ஆர்டர் வந்திருந்தது. சுத்துப்பட்டு ஊர்ப் புளி எல்லாம் எங்க யூனிட்டில்தான் குவிந்து கிடந்தது. இந்த லோடு சரியாகப் போனால் வருஷா வருஷம் வாங்குவாங்க. போகாவிட்டால் யூனிட்டைப் பூட்டிவிட்டு அவங்கவங்க பழையபடி சந்தையில் வியாபாரி கேட்கிற விலைக்குப் போட வேண்டியதுதான். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் வேலை பறந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். எங்க மலையில் சாக்கைத் திருப்பாமல் யாரும் நிரப்ப மாட்டாங்க. சாமையோ புளியோ எதுவானாலும், சாக்கை எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே இழுத்து, படார் படார் என்று ரெண்டு உதறு. மூலையில் ஒளிஞ்சிருக்கிற வண்டு, பழைய தானியம் எல்லாம் விழுந்துவிடும். அப்படியே திருப்பினவாக்கில் நிரப்பி விடுவோம். பழைய சாக்கா புதுசா என்றெல்லாம் பார்க்க மாட்டோம். யோசிச்சுச் செய்கிற வேலை இல்லை அது. தும்மல் வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி.

சாதா கவரையும் அப்படித்தான் திருப்பினோம். அதற்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், யாருக்கும் ஒண்ணும் ஆகவில்லை. நானோ கவரையும் திருப்பினோம். திருப்பினால் ஓரத்தில் ஒட்டியிருக்கிற விளிம்பு உள்ளே போய், கவர் கொழுகொழுவென்று அழகாக நின்றது. கவரில் எழுத்து ஒண்ணும் கிடையாது, லேபிளைக் கடைசியில்தான் ஒட்டுவோம். அதனால் எது உள், எது வெளி என்று பார்த்ததும் தெரியாது.

நிரப்பிக் கொண்டுபோய் மெஷினில் வைத்து மிதிச்சேன். ஒட்டவில்லை. இன்னொரு மிதி. வாய் திறந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது கவர்.

"சூடு பத்தல அத்தே" என்றாள் ராணி. சூட்டை ஏற்றினோம். கவர் சுருங்கிக் கருகினதே தவிர ஒட்டவில்லை. "மெஷினுக்குக் குளுருது போல கீது" என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு நல்ல பனி, அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நாலு பேர் சேர்ந்து மெஷினைத் தூக்கிக் களத்து வெயிலில் வைத்தோம். கம்பளி போர்த்தினோம். ராணி ஒரு எலுமிச்சம் பழம் கட்டினாள். ஒருத்தி கற்பூரம் காட்டினாள். போகிறவங்க வருகிறவங்க எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினைக் கும்பிட்டுவிட்டுப் போனாங்க.

ஒட்டவில்லை.

வண்டி வருகிற நாள் நெருங்குகிறது. நான் என்ன சும்மா இருக்கிற ஆளா? கோணி ஊசியை எடுத்தேன், சணல் கோர்த்தேன், சாக்கு வாயைத் தைக்கிற மாதிரி கவர் வாயைத் தைத்தேன். எல்லாரும் தைத்தோம். குடோனில் சுவர் எழுந்த மாதிரி தைச்ச கவர் அடுக்கு எழுந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் மெஷின் ஒட்டாத கோபம் இருந்ததே, அதற்காக சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி அந்த ஏஜெண்ட் தம்பிக்கு போன் போட்டேன். "உன் கவரு சீல் ஒட்ட மாட்டேங்குது. வந்து எங்க முன்னாடி ஒட்டிக் காட்டு. ஒட்டலன்னா எல்லாத்தையும் உன் தலமேலயே ஏத்தி அனுப்பறேன்."

ஒட்டிக் காட்டினார்

வந்தார். அதே ஜீப்பில் தேவகியும் கல்யாணம் முடிந்து வந்து இறங்கினாள், கையில் மருதாணி, மடியில் லட்டுப் பொட்டலம். கம்பளி போர்த்தி எலுமிச்சம் பழம் கட்டின மெஷினைப் பார்த்து ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டாங்க.

தம்பி கம்பளியை எடுத்தார். ஒரு கவரை எடுத்தார், புளியை வைத்தார், மிதிச்சார். டப் என்று ஒட்டிக்கொண்டது. பிடிச்சு இழுத்தார், பிரியவில்லை. "மெஷினும் நல்லா இருக்கு, கவரும் நல்லா இருக்கு, இன்னாம்மா?" என்றார்.

"கைராசி சார்" என்றாள் ராணி. "எங்க அத்த கையப் பாத்தா மெஷினுக்கே பயம்."

"நீங்க ஒண்ணு போடுங்கம்மா, பாக்கறேன்" என்றார்.

நான் கவரை எடுத்தேன். சரக் என்று திருப்பினேன். படார் படார் என்று உதறினேன். புளியை வைக்கப் போனேன்.

"அம்மா, அம்மா! எதுக்குத் திருப்புறீங்க?"

"திருப்பாம எப்படி நெரப்புறது?"

"அது உள்பக்கம்மா! நீங்க வெளிப்பக்கத்த உள்ள போடுறீங்க!"

"இன்னா தம்பி பேசற? நீ போட்டுகினு கீறியே சட்ட, அதுல தையலு உள்ள கீதா வெளிய கீதா? விளிம்பு உள்ளதான் போவணும்."

அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு புளிப் பாய்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வெள்ளி பூசின பக்கம் சீல் ஒட்டாதும்மா. அது ஒட்டுற பிளாஸ்டிக்கே இல்ல. உள்பக்கம்தான் ஒட்டும்."

"அடிப்பாவிங்களா, நாம இன்னாத்துக்கு மெஷினுக்குக் கம்பளி போத்தினோம்!" என்று ராணி சொன்னாள், அவ்வளவுதான். ஒருத்தி ஆரம்பிச்ச சிரிப்பு எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. ராணி புளிக் குவியல்மேல் சாய்ந்து உருண்டாள். கற்பூரம் காட்டினவள் கண்ணில் தண்ணி. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கொண்டது. அந்தத் தம்பியும் சிரிச்சார். ஒரு பெரிய வேதனை ஒரு சின்ன காரணத்தில் முடிந்தால் தலை கிறுகிறுக்குமே, அந்தக் கிறுகிறுப்பு.

தேவகி மட்டும் சிரிக்கவில்லை. "திருப்பி நெரப்பினது எல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள். குடோன் கதவைத் திறந்து காட்டினேன். அந்த அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றது.

"இப்ப வெள்ளிப் பக்கம் புளி மேல படுதும்மா" என்றாள். "கம்பெனி டெஸ்ட் பண்ணினது உள்பக்கத்துக்கு. இந்தப் பக்கம் சாப்பாட்டு மேல படும்னு யாரும் நெனைக்கவே இல்ல, டெஸ்ட்டும் பண்ணல. நம்ம புளி புளிப்பு, அதுல உப்பு வேற. ரெண்டும் சேந்தா பூச்சுலருந்து வெள்ளிய இழுக்கலாம்."

இது எங்களுக்குப் புரிஞ்சது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பொம்பளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வெஷமாடி?" என்று கேட்டேன்.

"வெஷம்னு சொல்லலம்மா. எவ்ளோ எறங்கியிருக்கு, எறங்கினது உடம்புக்கு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன். லேபுக்கு அனுப்பினாத்தான் தெரியும். அதுக்கு நாளாவும்."

ஏஜெண்ட் தம்பிக்கு முகம் மாறிப்போனது. "ஒண்ணும் ஆவாதும்மா. கண்ணுக்கே தெரியாத சைஸுதான. வாய மட்டும் பிரிச்சு, நேரா ஒரு கவர் மாத்தி அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். கெட்ட பையன் இல்லை. பயந்துபோய்ப் பேசினார்.

நான் சொன்னேன்: "தம்பி, எங்க வேலையே பொறுக்கறதுதான். ஓடு தெரியுது, பொறுக்கறோம். கொட்ட தெரியுது, பொறுக்கறோம். நாரு தெரியுது, இழுக்கறோம். உன் வெள்ளி கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா அதையும் குந்திப் பொறுக்கிடுவேன். தெரியாததுதான எனக்குக் கஷ்டம்?"

ராணி மெல்ல, "அப்ப ஆர்டரு அத்தே?" என்றாள். மறுநாள் காலையில் சென்னையில் இருந்து ஆள் வருகிறார். தேவகி லட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சு எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்தாள். வாயில் லட்டை வைத்துக்கொண்டு வாழ்க்கையிலேயே முதல் தடவை கசப்பாகத் தின்றோம்.

சென்னை சார்

மறுநாள் வந்த பர்ச்சேஸ் சார் பாவம், கொண்டை ஊசி வளைவு ஒண்ணு விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஜீப்பில் இருந்து இறங்கினதும் எங்க வேப்ப மரத்தைக் கட்டிக்கொண்டார். நாங்க எல்லாரும் வரிசையாக நிற்கிறோம், அவர் மரத்தை விட மாட்டேன் என்கிறார். நான் மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடிச்சுவிட்டு, "லோடு ரெடியாம்மா?" என்றார். அதுதான் அவர் பேசின முதல் பேச்சு.

தேவகி பேச வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தலைவி நான்தானே.

"லோடு கீது சார், ஆனா ஏத்த மாட்டோம்" என்றேன். சாக்கு திருப்புகிறதில் ஆரம்பிச்சு, கம்பளி, எலுமிச்சம் பழம், கோணி ஊசி, வெள்ளி எல்லாம் ஒண்ணு விடாமல் சொன்னேன். பலாப்பழத்தை வைத்து விளக்கினேன். "முள்ளு வெளிய இருந்தா பழத்துக்குக் காவலு சார். அதத் திருப்பி உள்ள போட்டா சுளையக் குத்தும். நாங்க திருப்பிட்டோம்."

அவர் கம்பளி வரைக்கும் மரத்தைப் பிடிச்சிருந்தார். எலுமிச்சம் பழத்தில் சிரிக்க ஆரம்பிச்சு மரத்தை விட்டுவிட்டார். சிரிச்சு முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீங்க சொல்லாம ஏத்தி விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"உங்க வூட்ல ரசம் வெக்கறது யாரு சார்?"

"எங்க அம்மா."

"இன்னா வயசு?"

"எழுபது தாண்டியாச்சு."

"என் ஜோடி. எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

மோர்ச் சொம்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்கம்மா. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வண்டிய திருப்பத்தூர்ல நிறுத்தி வெக்கறேன். அதுக்குள்ள நல்ல சரக்கு ஏத்த முடிஞ்சா ஏத்துங்க. இல்லன்னா வண்டி காலியாப் போவும், ஆர்டரும் அதோட போவும். என்னால அவ்ளோதான் முடியும்" என்றார். அவர் இறங்கிப் போகும்போது ராணி ஒரு புளியை உருட்டிக் கையில் கொடுத்தாள், வாந்திக்கு. "இது திருப்பாத புளி சார், தைரியமா வாயில போடுங்க" என்றாள்.

வூட்டுப் பானை

யூனிட்டில் பாயில் கிடந்த புளி கால்வாசிக்குக்கூடக் காணாது. மரத்தில் இருந்ததெல்லாம் உலுக்கி ஆகிவிட்டது. எங்கே போவது?

ஒவ்வொரு வூட்டிலும் வருஷத்துக்கு என்று கொட்டை எடுத்து உப்புப் போட்டு அமுக்கி வைத்திருப்பாங்க, வூட்டுப் புளி. அந்தப் பானைப் புளியை விற்கிற வழக்கமே எங்களிடம் கிடையாது. மாமியார்க்காரி மருமகளிடம் கடைசியாகக் கொடுக்கிற அதிகாரம் அந்தப் பானைதான். நான் தெருவில் நின்று சொன்னேன்: "கடைக்கு நல்லது குடுக்கணும். நம்மகிட்ட இருக்கற நல்லது வூட்டுப் பானைலதான் கீது. யாருக்கு மனசு கீதோ கொண்டாங்க. அடுத்த மகசூல்ல மொதல்ல உங்க பானதான் நெரம்பும்." சொல்லிவிட்டு முதலில் என் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் வராதது தெரிந்துவிடுமோ என்று பயம். பின்னாலே பானையும் பானையும் இடிக்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தேவகி வாசலில் ஈரம் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பானை பானையாக முகர்ந்து பார்த்து, கருவியைக் குத்திப் பார்த்து, சரி சரி என்று உள்ளே விட்டாள். என் பானை வந்தது. குத்தினாள். மறுபடி குத்தினாள். "அம்மா, இதுல ஈரம் ஜாஸ்திம்மா. வேணாம்" என்றாள்.

ஊரில் அத்தனை பானை பாஸ். தலைவி பானை பெயில். ராணி ஓடிப்போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் ராணிக்கும் ஒண்ணு காத்திருந்தது. அவள் மாமியார் பானையைக் கொடுக்க மாட்டேன் என்று வாசலில் வைத்து அதன் வாய்மேலேயே குந்திவிட்டாள். "என் புளிய மெட்ராஸ்காரன் கரைச்சுக் குடிக்கறதா? நான் செத்தா எடுத்துக்குங்க."

"எப்ப அத்தே?" என்றாள் ராணி.

நான் ராணியைப் பின்னாலே தள்ளிவிட்டு, "உன் புளி மாதிரி இந்த மலையில கெடையாதுன்னு தேவகி சொல்றா. உன் புளி இல்லன்னா மத்தது எதுவும் எடுபடாதாம்" என்றேன். கிழவி கொஞ்சம் யோசிச்சாள். "அப்ப கவரு மேல என் பேர எழுதுவியா?" என்றாள். ராணியே ஒரு கவரில் மாமியார் பேரைப் பேனாவால் எழுதிக் காட்டினாள். கிழவிக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் தலைகீழாகப் பிடிச்சு நல்லா பார்த்துவிட்டு எழுந்தாள்.

நிரப்ப உட்கார்ந்தோம். அங்கேதான் புதுத் தொல்லை. மூளை நேராக வை என்கிறது, கை திருப்பிவிடுகிறது! ஒவ்வொருத்திக்கும் கை தானாகப் போகிறது. தேவகி தலையைப் பிய்த்துக்கொண்டாள். நான் ஒரு சட்டம் போட்டேன். "யாரு திருப்புறாங்களோ, எழுந்து நடுவுல நின்னு ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் குந்தணும்."

சட்டம் போட்டுவிட்டுக் கவரை எடுத்தேன். சரக்.

எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. எழுந்தேன். முந்தானையைச் சொருகினேன். எங்க ஊர்த் திருவிழாவில் நான் ஆடி எத்தனையோ வருஷம் ஆச்சு. ராணி தகர டின்னைத் தட்ட, நான் ஆடினேன் பாருங்க, கொட்டை எடுக்கிற பாய் கிழிஞ்சுபோனது. அன்றைக்கு முழுக்க ஒருத்தி மாற்றி ஒருத்தி ஆடிக்கொண்டே இருந்தோம். பாஸ் ஆன பானை கொண்டுவந்தவங்க எல்லாரும் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தாங்க. சில பேர் ஆடுகிறதுக்காகவே திருப்பினாங்க என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் தேவகிதான் ஒரு வழி கண்டுபிடிச்சாள். லேபிளைக் கடைசியில் ஒட்டாமல் முதலிலேயே ஒட்டிவிடுவது. திருப்பினால் லேபிள் உள்ளே போய்விடும், கண்ணுக்கு உடனே தெரியும். அதோடு ஆட்டம் நின்றது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மெஷின் டப் டப் என்று ஒட்டிக்கொண்டே போனது. மறுநாள் மத்தியானத்துக்குள் கடைசி பெட்டி ஜீப்பில் ஏறியது. திருப்பத்தூரில் வண்டியில் ஏற்றியாச்சு என்று அந்த சார் போன் பண்ணினார். பாறைமேல் நின்று கேட்டுவிட்டு நான் கீழே பார்த்துக் கையை ஆட்டினேன். கீழே அத்தனை பேரும் ஒண்ணாகக் கத்தினது எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

மிச்சப் புளி

திருப்பிப் போட்ட புளியைப் பூட்டி வைத்து, லேபுக்குச் சாம்பிள் அனுப்பினோம். ரிசல்ட் வந்தது. வெள்ளி இறங்கியிருக்குதாம். எவ்வளவு என்று தேவகி சொன்ன கணக்கு என் தலையில் ஏறவில்லை. "சாப்பாட்டுக்கு அனுப்பக் கூடாதும்மா, நாம பண்ணினது சரி" என்றாள், அது ஏறியது. நேராகப் போட்ட கவரையும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தாள். அதில் சொல்லும்படி ஒண்ணும் இல்லையாம்.

அந்தப் புளியை என்ன செய்வது? பாத்திரம் தேய்க்கலாமா என்று கேட்டேன். தேவகி யோசிச்சு, விளக்கு, மணி, தாம்பாளம் மாதிரி சோறு படாத பித்தளை மட்டும் தேய்ச்சுக்கலாம், ஆனால் ஓடையில் கழுவாதீங்க, மீனுக்கும் தண்ணிக்கும் ஆகாது, தள்ளி ஒரு குழி வெட்டி அதில் கழுவுங்க என்றாள். அந்த வருஷம் எங்க ஊர்க் கோயில் விளக்கும் மணியும் இருந்த பளபளப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்க்காரங்க புதுசு வாங்கிட்டீங்களா என்று கேட்டாங்க.

சென்னை ஆர்டர் அதற்கப்புறம் நிற்கவில்லை. யூனிட் நடக்கிறது. எல்லார் பானையும் அடுத்த மகசூலில் நிறைந்தது, என்னுதும்தான், இந்தத் தடவை நல்லா காய வைத்துப் போட்டேன். ஏஜெண்ட் தம்பி கம்பெனியில் சொல்லி, இப்போது வருகிற கவரில் எல்லாம் 'இது வெளிப்பக்கம்' என்று தமிழில் எழுதி வருகிறது. படிக்கத் தெரியாதவங்களுக்காக ஒரு பலாப்பழ முள்ளுப் படமும் போடச் சொல்லியிருக்கிறேன். போடுவாரா பார்க்கலாம்.

புதுசா வேலைக்கு வருகிற பொண்ணுங்களுக்கு நான் சொல்வது இதுதான். புதுப் பொருள் வந்தால் கை தட்டுங்க, தடவிப் பாருங்க, சிரிங்க, எல்லாம் பண்ணுங்க. ஆனால் மூணு கேள்வி கேட்காமல் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுபோகாதீங்க. இதில் எந்தப் பக்கம் சோத்துக்கு? எதை வைத்து டெஸ்ட் பண்ணினீங்க, என் பொருள் மாதிரி புளிப்பானதை வைத்தா? நான் எப்படி வேலை செய்வேன் என்று பார்த்தீங்களா? கடைசி கேள்விக்கு அவங்களிடம் பதில் இருக்காது. நீங்கதான் அவங்க முன்னாடி ஒரு தடவை வேலையைச் செய்து காட்டணும். நம்ம கை என்ன பண்ணும் என்று நமக்கே தெரியாது, எதிரில் நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

தெரியாதது கொஞ்சமா நிறையவா என்று வாங்கித் தின்கிறவங்க தலையில் போட்டுப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

முடிச்சுட்டேன். கை வலிக்குது. செல்வி, என் பேத்திக் கண்ணு, எழுதறது எனக்கு வந்துடும், எழுதினத திரும்பப் படிக்கத்தான் கண்ணு மொரண்டு பண்ணுது. இங்க வந்து குந்து. மொதல்லருந்து சத்தமாப் படி, தெருவுக்கே கேக்கட்டும். ராணி மாமியார் வர்ற எடத்துல மட்டும் கொரல எறக்கிக்கோ. அது தோ, எதிர் வாசல்லதான் குந்திகினு கீது.